கணக்கும் துரோகமும்

லண்டன் இடதுசாரிகள் சிலரிடம் 1985 பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் முதலில் வரும் சொல் துரோகம்தான். அச்சொல்லை நாம் நன்கறிவோம். அதனாலேயே, கென் லிவிங்ஸ்ரன் 1987இல் வெளியிட்ட தன்வரலாற்றையும் அவரது எதிராளிகளின் கதையாடலையும் ஒரே சந்தேகத்தோடு வாசிக்கிறேன்.

விடயம் இதுதான். தட்சர் அரசாங்கத்தின் 1984ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளூராட்சி சபைகள் அறவிடும் வரிக்கு உச்சவரம்பு விதிக்க வழிசெய்தது. தொழிற்கட்சிச் சபைகள் பல, வரியையே நிர்ணயிக்காமல் விடுவதென ஒன்றுபட்டன. ஆனால் பெருநகர லண்டன் சபைக்குச் சட்டம் மார்ச் 10 எனக் கெடு வைத்திருந்தது. லம்பெத் போன்ற சபைகளுக்கு அவ்வாறு திட்டவட்டமான கெடு இருக்கவில்லை. ஒரே முடிவுக்குக் கையுயர்த்தியவர்கள் ஒரே ஆபத்தை ஏற்கவில்லை.

எண்களிலும் குழப்பம். உச்சவரம்பை ஏற்றால் பாரிய வெட்டு வருமென்றார் நிதிக்குழுத் தலைவர் ஜோன் மக்டொனல். அதிகாரிகளின் கணக்கோ செலவைக் கூட்டவும் இடமுண்டு என்று காட்டியதாக லிவிங்ஸ்ரன் எழுதுகிறார். மார்ச் 10இல் சபை சட்டத்துக்கு உட்பட்டே வரியை நிர்ணயித்தது. மக்டொனல் பதவியிழந்தார்.

இதை நேர்மைக்கும் மிகைப்படுத்தலுக்கும் இடையிலான மோதலாக வாசிப்பது போதாது. நான் விளங்கிக்கொள்ளும் வகையில், மக்டொனலுக்கு வரவுசெலவுத் திட்டம் போராட்டக் களம்; உள்ளூர் மக்களின் தீர்மானத்தை மத்திய அரசு பறிக்கலாமா என்பதே அவரது கேள்வி. லிவிங்ஸ்ரனுக்கு அது இறுதியில் கணக்கு. 'வெட்டு' என்ற ஒரே சொல்லால் இருவரும் வெவ்வேறு விடயங்களைப் பேசினர். சபைத் தலைவர் அந்த எண்களை முன்பே ஏன் துருவிக் கேட்கவில்லை? நூல் தரும் விளக்கம் எனக்குத் திருப்தி தரவில்லை. விலை கொடுத்தவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள்: லம்பெத்தில் 32 உறுப்பினர்கள் தண்டப்பணத்துக்கும் பதவித் தகுதியிழப்புக்கும் உள்ளாயினர்.

இது வெள்ளையரின் பழங்கதையல்ல. 2013இல் தெரிவான வடமாகாண சபையில் 38 ஆசனங்களில் 30 கூட்டமைப்பிடம் இருந்தன. 2018இல் சபையின் காலம் முடியுமுன்பே அது தனக்குள் பிளவுண்டது. நிதி திரும்பிப் போனது என்ற குற்றச்சாட்டும் மறுப்பும் மேடைகளில் மோதின. 1987ஆம் ஆண்டின் மாகாணசபைகள் சட்டப்படி, வரி தொடர்பான நியதிச்சட்டத்தை ஆளுநரின் பரிந்துரையின்றிச் சபையில் முன்வைக்கவே முடியாது. ஒதுக்கப்பட்ட பணமும் கைக்கு வந்த பணமும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்காமல் நடக்கும் விவாதத்தில் இரு தரப்பும் உண்மை சொல்லியே ஒருவரையொருவர் பொய்யராக்கலாம்.

கணக்குப் பார்ப்பது நிர்வாகிகளின் மொழி, அது அரசியலை மழுங்கடிக்கும் என்று தோழர்கள் சிலர் வாதிடுவர். நான் உடன்படவில்லை. எண்களை மக்கள்முன் வைக்காத போராட்டம் தன் உறுப்பினரிடம் கேட்பது விசுவாசத்தை மட்டுமே; விசுவாசம் குறைந்தவுடன் அதனிடம் எஞ்சுவது துரோகி என்ற பட்டம்தான். இதை மறுப்பவர்கள் எழுதட்டும், விவாதிப்போம்.