தோல்வி என்னும் சொல்

நம் இறையியல் எழுத்துகளிலும் பிரசங்கங்களிலும் ‘தோல்வி’ என்னும் சொல் அளவுக்கு மீறிப் புழங்குகிறது. ஆதாமின் தோல்வி, பேதுருவின் தோல்வி, திருச்சபையின் தோல்வி என யாவும் தோல்வியாகவே முடிகின்றன. ஆங்கில நூல்களில் ஒரு சொல் பல பொருளில் வருவதைக் கண்டு, நாமும் ஒரே சொல்லால் அவற்றைப் பெயர்த்துவிடுகிறோம்.

ஆலங்காயத்து உழவர் அவ்வாறு பேசுவதில்லை. அவருக்கு மழை பொய்க்கிறது; பயிர் சாவியாகிறது; கடை நொடித்துப்போகிறது; எடுத்த காரியம் கைகூடாமற்போகிறது. தோற்பது எதிராளியிடத்தில்தான். தமிழில் தோல்விக்கு வென்றவன் ஒருவன் வேண்டும். (தோல் பதனிடும் நம் வட்டாரத்தில் ‘தோல்’ என்றால் பிழைப்பு, இவ்விரு சொற்களின் ஒலியொற்றுமையைக்கொண்டு பிரசங்கம் புனைய விரும்பும் மாணவர் சற்றுப் பொறுத்தருள்க.) தேர்வில் தேறாத பிள்ளையைத் தோல்வியுற்றவன் என்கிறோமே, அவனை வென்றவர் யார்? ‘பெயிலான பையன்’ என்பதோ இன்னும் கொடிது. ஓராண்டு நிகழ்ச்சியை ஆளின் பெயராகவே ஆக்கிவிடுகிறது.

அருகிலுள்ள காவலூர் வானாய்வகத்தைக் கட்டியெழுப்பிய வைணு பாப்பு 1982-ல் மறைந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-லேதான் இயங்கத் தொடங்கியது. அதனைக் காணாது மறைந்ததைத் தோல்வி என்பாரில்லை. எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தின் விசுவாச வீரரும் இவ்வகையினரே.

இனித் திருமறைக்கு வருவோம். லூக்கா 22:32-ல் பேதுருவின் விசுவாசத்தைக் குறித்து ஆண்டவர் கூறும் கிரேக்க வினைக்கு, இருப்பது தீர்ந்துபோதல் என்பது பொருள். நம் பழைய மொழிபெயர்ப்பு அதனை ‘ஒழிந்துபோதல்’ என நுட்பமாகவே தந்துள்ளது. பேதுரு செய்தது மறுதலிப்பு. அதற்குத் தோல்வி என்று பெயரிட்டு மென்மையாக்கியவர்கள் நாமே. 1 கொரிந்தியர் 6:7-ல் நிலைமை தலைகீழ். சகோதரர் வழக்காடுவதைப் பவுலடிகள் ‘ஹேட்டேமா’, அதாவது தோற்றுப்போதல், என்கிறார். வழக்கில் வென்றவனும் தோற்றவனே என்பது அவருடைய கூர்மை. நம் பழைய மொழிபெயர்ப்போ ‘குற்றம்’ என்றெழுத, அக்கூர்மை மழுங்கிற்று.

மொழிபெயர்ப்பாளர் தோல்வியைக் குற்றமாக்கினர். நாமோ குற்றத்தைத் தோல்வியாக்குகிறோம். இது சொல்லாராய்ச்சியோடு நிற்கும் செய்தியன்று. தோற்கழிவால் பாலாறும் அதன் கிணறுகளும் கெட்டதைச் ‘சமுதாயத் தோல்வி’ என்று மேடையில் சொல்லக் கேட்கிறோம். இங்கே வென்றவர் யார், தோற்றவர் யார் என்று அச்சொல் கூறுவதில்லை. உச்சநீதிமன்றம் 1996-ல் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியோரிடமே வசூலிக்கும்படி மீண்டும் ஆணையிட்டது. நீதிமன்றம் செய்தவனையும் இழந்தவனையும் பிரித்துக் காட்டுகிறது. நம் பாவ அறிக்கை ஜெபங்களோ, தொழிற்சாலை உரிமையாளரும் கிணற்றை இழந்த விதவையும் அருகருகே முழங்காற்படியிட்டு, ‘எங்கள் தோல்விகளை மன்னியும்’ என்று ஒரே குரலில் சொல்லும்படி எழுதப்பட்டுவருகின்றன. அவ்விதவை எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்பதை ஜெபத்தை எழுதியவர்தாம் விளக்கவேண்டும்.