சுட்டுக் காட்டுவதும் சோதித்துப் பார்ப்பதும்

வத்தகப்பழத்தைத் துப்பாக்கியால் சுட்டால் என்ன நடக்கும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. வெடித்துச் சிதறும். சிவப்பாகச் சிதறுவதால் படத்துக்கும் நல்லாயிருக்கும். ஆனால் சுட்ட துப்பாக்கியைப் பற்றி அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. மெல்லிய தோலும் உள்ளே முழுக்கத் தண்ணீருமான ஒன்றை வேகமாகப் போகும் எந்த ரவையும் உடைக்கும்.

அமெரிக்காவின் ஹிஸ்டரி அலைவரிசையில் 2002 முதல் 2009 வரை ஓடிய 'மெயில் கோல்' நிகழ்ச்சியில் ஆர். லீ எர்மி உடைத்த வத்தகப்பழங்களுக்குக் கணக்கில்லை. பார்வையாளர்கள் ஆயுதங்களைப் பற்றிக் கேள்வி எழுதி அனுப்புவார்கள். அவர் கத்திக் கத்திப் பதில் சொல்வார், பிறகு எதையாவது சுட்டுத் தள்ளுவார். நான் இதை ரசித்துப் பார்த்தவன், மறைப்பானேன்? எர்மி வெறும் நடிகரல்ல. மரீன் படையில் புதியவர்களைப் பழக்கிய பயிற்சிச் சார்ஜன்ட். 1987 இல் வந்த 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' படத்தில் அதே வேலையைச் செய்பவராகவே நடித்துப் பெயரெடுத்தார். 2018 இல் இறக்கும்வரை அந்தக் குரல்தான் அவருக்குச் சோறு போட்டது. அவர் கத்துவது ஒரு கூத்து என்பது அவருக்கும் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும். அதில் ஏமாற்று இல்லை.

குரல் தாழும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. டிஸ்கவரி அலைவரிசையில் 2006 இல் தொடங்கிய 'ஃபியூச்சர் வெப்பன்ஸ்' அந்த ரகம். கடற்படையின் சீல் பிரிவில் இருந்த ரிச்சர்ட் மாக்கோவிச் கமராவுக்குக் கிட்ட வந்து, இரகசியம் சொல்வது போலப் பேசுவார். ஆயுதத்தைச் செய்தவர்களோ விற்க நிற்பவர்களோ பக்கத்தில் இருப்பார்கள். அதன் பெருமைகள் ஒவ்வொன்றாய் வரும், பிறகு சூடு, பிறகு மெதுவான காட்சியில் அதே சூடு. சொல்லப்படும் எண்களில் பெரும் பிழை இருப்பதில்லை. விட்டம், வேகம், தூரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கேட்கப்படாத கேள்விகள்தான் பிரச்சினை.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். கலிபோர்னியாவில் பினக்கிள் ஆமர் என்ற நிறுவனம் 'ட்ரகன் ஸ்கின்' என்றொரு குண்டு துளைக்காத அங்கியைச் செய்தது. ஒரே பெரிய தகட்டுக்குப் பதிலாக, மீனின் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் சிறிய பீங்கான் வட்டுகள். 'மெயில் கோல்', 'ஃபியூச்சர் வெப்பன்ஸ்' இரண்டிலுமே இதைச் சுட்டுக் காட்டினார்கள். ஏகே ரவைகள், எம்பி5 ரவைகள் எல்லாம் பட்டன. பின்னதில் ஒரு கைக்குண்டையும் அங்கியில் வைத்தே வெடிக்க வைத்தார்கள். அங்கி கிழிந்தது, உள்ளே எதுவும் போகவில்லை. பார்த்தவன் வாய் பிளந்தான். நானும் பிளந்தேன்.

அது ஈராக் யுத்த காலம் என்பதை மறக்கக் கூடாது. படையினரின் குடும்பங்கள் கைக்காசு போட்டுக் கவச அங்கிகளை வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தன. திரையில் ஒரு அங்கி கைக்குண்டைத் தாங்குவதை மகனை அனுப்பிவிட்டு இருக்கிற ஒரு உம்மா பார்த்தால் என்ன நினைப்பார்? சொந்தமாக வாங்கிய அங்கிகளை அணியக் கூடாது என்று 2006 மார்ச்சில் இராணுவம் தடை போட்டது. அதே ஆண்டு மே மாதம் ட்ரகன் ஸ்கின்னைச் சோதித்து, முடிவை ஒரு வருடம் கழித்து வெளியிட்டது. 48 சூடுகளில் 13 துளைத்துக்கொண்டு போயிருந்தன. கடும் சூட்டில் வட்டுகளை ஒட்டியிருந்த பசை இளகி, வட்டுகள் கீழே நழுவிவிட்டன என்பது இராணுவத்தின் விளக்கம். பாரமும் மிக அதிகம் என்றார்கள். என்பிசி தொலைக்காட்சி அதே மே மாதம் ஜெர்மனியில் தானே ஒரு சோதனை நடத்தி, இராணுவத்தின் அங்கியைவிட ட்ரகன் ஸ்கின்தான் மேல் என்று காட்டியது. அவ்வாண்டு ஓகஸ்டில் அமெரிக்க நீதித்துறையின் நிறுவகம் அங்கிக்கு அளித்திருந்த சான்றிதழை மீளப் பெற்றது. 2010 இல் நிறுவனம் வங்குரோத்தானது.

இராணுவமும் புனிதமான சாட்சி அல்ல. தான் ஏற்கெனவே வாங்கிக் கொடுத்த அங்கியைக் காப்பாற்றும் தேவை அதற்கு இருந்தது. அந்த வழக்கை இங்கே தீர்க்க நான் வரவில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. இரண்டு நிகழ்ச்சிகளும் பொய் சொல்லவில்லை. காட்டியது நடந்ததுதான். ஆனால் ஒரு புது அங்கிக்கு, ஒரு நாளில், ஒரு திடலில் நடந்தது. வாகனத்துக்குள் வாரக்கணக்கில் வெயிலில் கிடந்த அங்கி, எண்ணெய் பட்ட அங்கி, பலமுறை கீழே விழுந்த அங்கி எதுவும் திரைக்கு வரவில்லை. பக்தாதின் ஜூலை மாதத்தைப் பத்து நிமிடத்தில் எப்படிக் காட்டுவது? சூடு போட்டால் சத்தம் வரும். பசை இளகுவதற்குச் சத்தம் கிடையாது.

இந்த வரிசையின் கடைசிப் படி 'டெட்லியஸ்ட் வோரியர்'. 2009 முதல் 2011 வரை ஸ்பைக் அலைவரிசையில் வந்தது. வரலாற்றில் சந்தித்தேயிராத இரு தரப்பை எடுத்து, ஆயுதங்களை ஒப்பிட்டு, கணினியில் 1000 தடவை மோதவிட்டு வெற்றியாளரை அறிவிப்பார்கள். தலிபானையும் ஐஆர்ஏயையும்கூட மோதவிட்டார்கள். அந்தப் போராட்டங்கள் ஏன் நடந்தன, யார் செத்தார்கள் என்பதெல்லாம் கணினிக்குள் போகிற விஷயமா? ஆயிரம் என்ற எண் துல்லியம் போலக் காட்சி தருகிறது, அவ்வளவுதான். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பெயர் விஷயத்துக்கு வருவோம். வளைந்த ரவைக்கூடு உள்ள எந்தத் துப்பாக்கியைக் கண்டாலும் இந்த நிகழ்ச்சிகளுக்கு அது 'ஏகே-47'. 1949 இல் சோவியத் படை ஏற்றுக்கொண்ட அந்தத் துப்பாக்கிக்குப் பதிலாக 1959 லேயே இலேசான ஏகேஎம் வந்துவிட்டது. உலகில் கைமாறித் திரிபவற்றில் பெரும் பங்கு ஏகேஎம்மும், சீனா செய்த டைப் 56 போன்றவையும்தான். சீனத் துப்பாக்கியை முன் குறியைச் சுற்றி நிற்கும் முழு வளையத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். எங்கட நாட்டில் பத்திரிகை வாசிக்கிற ஆருக்கும் 'ரி-56' என்று சரியாகச் சொல்லத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் டிஸ்கவரியைவிட நமது பிரதேச நிருபர்கள் திருத்தமானவர்கள். அதன் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறை என்பதும் ஒரு காரணம், பெருமைப்பட ஏதுமில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விற்றவன் இருக்கிறான். டைப் 56 வட வியட்நாமுக்குப் போனது, எண்பதுகளில் சிஐஏயின் பணத்தில் ஆப்கானுக்குப் போனது, இலங்கை இராணுவத்துக்கும் வந்தது. ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னாலும் ஒரு அரசு, ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. எல்லாவற்றையும் ஏகே-47 என்று சொல்லி, கூடவே மிக்கைல் கலாஷ்னிகோவின் படத்தைக் காட்டிவிட்டால், கதை ஒரு ரஷ்யக் கண்டுபிடிப்பாளரின் கெட்டித்தனமாகச் சுருங்கிப் போகிறது. ஏற்றியவர், இறக்கியவர் எவரும் படத்தில் இல்லை.

கண்காட்சி என்றாலே பிழை என்று நான் சொல்லவில்லை. 'மித்பஸ்டர்ஸ்' காரர்களைவிடக் கண்காட்சி போட்டவர்கள் குறைவு. 2005 இல், தண்ணீருக்குள் மூழ்கினால் ரவையிலிருந்து தப்பலாமா என்று பார்த்தார்கள். முதலில் ஒரு தொட்டியில் சுடப்போய்த் தொட்டியே உடைந்தது. அதையும் மறைக்காமல் காட்டினார்கள். பிறகு நீச்சல் தடாகத்துக்குப் போனார்கள். ஒலியைவிட வேகமாகப் போகும் ரவைகள், பெரிய .50 ரவை உட்பட, மூன்று அடிக்குள்ளேயே நொறுங்கின. வேகம் குறைந்த கைத்துப்பாக்கி ரவைகள்தான் தண்ணீரில் அதிக தூரம் போயின. நாம் நினைத்திருந்ததற்கு நேர்மாறு. அவர்கள் நினைத்திருந்ததற்கும் நேர்மாறு என்பது முகத்தில் தெரிந்தது. தோற்றுப்போகக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டதால் வந்த அழகு அது.

சேற்றுக் காட்சியில் அந்த அழகு கிடையாது, முடிவு முன்கூட்டியே தெரியும். ஏகேயைச் சேற்றில் புதைத்து எடுத்துச் சுடுவார்கள், எம்16 வியட்நாமில் சிக்கிக்கொண்ட கதையைப் பக்கத்தில் வைப்பார்கள். சிக்கியது உண்மை. சுட்ட ரவையின் கோது அறைக்குள் இறுகி, வெளியே வராமல், பலர் அப்படியே செத்தார்கள். ஆனால் காரணம் சேறு மட்டுமல்ல. துப்பாக்கியைச் சோதித்தபோது இருந்த வெடிமருந்தை மாற்றி, அதிகம் கரி படியும் வேறொன்றைக் கொடுத்தார்கள். அறைக்குக் குரோம் பூசவில்லை. அதிகம் துடைக்கத் தேவையில்லை என்ற பேச்சு பரவியிருந்தது, துடைக்கும் கருவிகளும் போதியளவு போய்ச் சேரவில்லை. 1967 இல் காங்கிரஸ் உறுப்பினர் ரிச்சர்ட் இக்கோர்ட் தலைமையிலான குழு விசாரித்து, இராணுவத்தின் நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. இளைஞர்களைக் கொன்ற பிழை கொள்வனவுக் கோப்புக்குள் இருந்தது. கோப்பை மெதுவான காட்சியில் காட்ட முடியாது என்பதால் சேற்றைக் காட்டுகிறார்கள்.

முடியாது என்பதும் முழு உண்மையில்லை. அந்தச் சீர்கேட்டைத் திருத்த இராணுவம் செய்தவற்றில் ஒன்று, சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னரைப் பிடித்து எம்16 க்கு ஒரு வண்ணச் சித்திரக் கையேடு போட்டது. 1968 இல் வந்தது. கவர்ச்சியான ஒரு பெண்ணை வைத்துச் சிப்பாயிடம் பேசிய விதம் இன்றைக்கு முகஞ் சுளிக்க வைக்கும், அதுவும் ஒரு கூத்துத்தான். ஆனால் அந்தக் கூத்து சொன்னதெல்லாம் எந்தத் துண்டை எப்படிக் கழற்றுவது, எங்கே கரி படியும், எண்ணெய் எவ்வளவு பூச வேண்டும் என்பதுதான்.