நிறுத்தத் தெரிந்த கை

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலம் வந்து போகும் கார்களில் பல, புதிதாக ஒரு கீறலையும் சுமந்துகொண்டுதான் ஊர் திரும்புகின்றன. மரக்கிளையிலிருந்து கூரைமேல் குதிக்கும் குரங்குகள், நெருக்கி நிறுத்திய வேன்களுக்கு நடுவே வாளியும் பையுமாக நுழைந்து போகும் கூட்டம், குளித்து வந்த ஈரத்துண்டாலேயே மணல் படிந்த பானெட்டைத் துடைத்துவிடும் நம் பழக்கம் என்று அதற்குக் காரணங்கள் பல. சாரல் விழுந்துகொண்டிருக்கும் வரை ஒன்றும் கண்ணில் படாது. மறுநாள் தென்காசியில் வெயில் அடித்ததும் கோடு கோடாகத் தெரியும்.

நனைந்தால் மறைந்து, காய்ந்தால் தெரிவது ஏன்? இன்றைய கார்களில் நிறம் இருப்பது அடியில் உள்ள பேஸ் கோட்டில். அதன்மேல் நிறமே இல்லாத கிளியர் கோட் ஒன்று, ஏறத்தாழ 40, 50 மைக்ரான் கனத்தில் படிந்திருக்கிறது. நம் தலைமுடி ஒன்றின் பருமன்கூட இல்லை. வெள்ளையாகத் தெரியும் கீறலில் பெரும்பாலும் நிறம் போயிருக்காது. கிளியரில் விழுந்த பள்ளத்தின் விளிம்புகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன, அவ்வளவுதான். தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டால் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போய்த் திரும்புகிறது.

நல்ல பெயிண்ட்டர் இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பார். மெஷினை எடுப்பதற்கு முன் விரலை நனைத்துக் கீறலின்மேல் ஒரு இழுப்பு. மறைந்தால் காயம் கிளியரோடு நின்றது. மறையாவிட்டால் நிறம் வரை, அல்லது பிரைமர் வரை போயிருக்கிறது. பிறகு நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்ப்பார். நகம் தடுக்கினால் வெறும் பாலிஷ் போதாது. கடைசியில் தலையைச் சாய்த்து, டியூப்லைட்டின் நிழல் பானெட்டில் எங்கே நெளிகிறது என்று பார்ப்பார். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த நிமிடம் அது.

மேலோட்டமான கோடு என்றால், முதலில் மண் போகக் கழுவ வேண்டும். ஒரு மணல் துகள் மிஞ்சினாலும் அது புதுக் கோடு போடும். பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பர், சோப்புத் தண்ணீர், பேப்பருக்குப் பின்னால் ஒரு ரப்பர் கட்டை. வெறும் விரலால் அழுத்தினால் விரல் பதிந்த இடம் குழியும். தேய்த்த இடம் மங்கி வெளுத்துப் போகும்போது வண்டிக்காரர் முகமும் வெளுக்கும். அடுத்து 3000, அதன்பின் காம்பவுண்ட், பஃபிங் மெஷின். புறங்கையால் அவ்வப்போது தொட்டுச் சூடு பார்ப்பார்கள். பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாது, சீக்கிரம் கருகிவிடும். கதவு மடிப்புகளில் கிளியர் மெல்லியதாகவே இருக்கும் என்பதால் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினைக் கொண்டுபோவார்கள்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேய்க்கத் தேய்க்கக் கிளியர் குறைகிறது, அது திரும்ப வளராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அந்தப் படலம்தான்; இன்று பளபளப்புக்காக அளவு மீறித் தேய்த்தால் சில வருடங்களில் கூரை உரியத் தொடங்கும். ஒரே பூச்சாக இருந்த பழைய பெயிண்ட்டில் ரப்பிங் துணியில் வண்டியின் நிறம் ஒட்டி வருவது இயல்பு. இன்றைய வண்டியில் துணியில் நிறம் வந்தால் கிளியர் போய்விட்டது என்று பொருள். ஆழமான கோட்டில் எழுபது சதவீதத்தை மங்கவைத்துவிட்டு, “இதுக்கு மேல வேண்டாம் அண்ணாச்சி, இன்னும் தேச்சா தோலு போயிரும்” என்று மெஷினை அணைப்பவரிடம் நான் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை விடுவேன். சின்னக் கீறலுக்கு முழுக் கதவையும் புதிதாக அடிக்கச் சொல்கிறவரிடம் விடமாட்டேன். தொழிற்சாலை அடுப்பில் சுட்டு இறுகிய பூச்சுக்கு ஈடாகப் பட்டறையில் எளிதில் ஒன்றைப் பூசிவிட முடியாது.

தென்காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், இக்கோயிலுக்கு என்றாவது ஒரு குறை நேர்ந்தால் அப்போது வந்து அதைச் சரிசெய்து காப்பவர்களை உலகறியப் பணிகிறேன் என்று 15-ஆம் நூற்றாண்டிலேயே கல்வெட்டில் பொறித்து வைத்தான். கட்டியவனே செப்பனிடுபவனை வணங்கிய ஊரில், செப்பனிடும் கைகளை இன்னும் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம்.

கீறல் போக, வண்டியில் கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்த புள்ளிக்கு வேறு வைத்தியம். மெல்லிய பிரஷ் நுனியில் ஒரு துளி நிறம். காய்ந்தபின் ஒரு துளி கிளியர். காயும்போது அது சுருங்கும் என்பதால் மறுபடி ஒரு துளி, மறுபடி ஒரு துளி. சுற்றிலும் உள்ள மட்டத்தைவிட ஒரு பொட்டு உயர்ந்து நன்றாக இறுகிய பிறகே பேப்பரால் மட்டமாக்குவார்கள்.

இந்த ஊரில் பெயிண்ட் அடிக்கக் காற்றும் ஒத்துழைக்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றில் தூசியும் உண்டு, ஈரமும் உண்டு. ஹார்டனர் கலக்கும் டூகே கிளியரில் உள்ள ஐசோசயனேட் ஈரத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. பூச்சுக்குள் ஊசிமுனைக் குமிழ்கள் நின்றுவிடும். நைட்ரோசெல்லுலோஸ் (என்.சி.) லாக்கர் என்றால் பால்போல் வெளுக்கும். அதனால் சாரல் நாளில் நல்ல பெயிண்ட்டர் ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொடுவதில்லை. நாமும் அவசரப்படுத்தக் கூடாது. அதே ஐசோசயனேட் நுரையீரலுக்குப் போனால் ஆஸ்துமா வரலாம். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு டூகே அடிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அதற்குரிய மாஸ்க்கின் விலையையும் சேர்த்து நாம் கூலி கொடுக்க வேண்டும்.

உரிந்துவிட்ட கிளியருக்கு மட்டும் டச்-அப் கிடையாது. விளிம்பைத் தேய்த்து மேலே பூசினாலும் பழையது அடியிலிருந்து மறுபடி தூக்கும். அந்தப் பகுதி முழுவதையும் தேய்த்தெடுத்துப் புதிதாக அடிக்க வேண்டியதுதான். அடித்தபின் ஒரு மாதம் வாக்ஸ் போடாமல், உள்ளே இருக்கும் தின்னர் முழுக்க வெளியேற விட்டுவைக்க வேண்டும்.