முன்னும் பின்னும்

ஜான் கிரீன் எழுதி 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லுக்கிங் ஃபார் அலாஸ்கா’ என்னும் அமெரிக்க நாவலில் என் சித்தத்தை முதலில் ஆகர்ஷித்தது அதன் அமைப்பே. அத்தியாயங்களுக்கு எண்களை இடாமல், இன்னதென்று சொல்லப்படாத ஒரு சம்பவத்துக்கு 136 நாட்கள் முன்பிருந்து கதையைத் தொடங்கி, நாட்கள் குறையக் குறைய வாசகன் நெஞ்சில் காரணம் புரியாத கலக்கத்தை வளர்த்து, அந்த நாள் கடந்ததும் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறார் ஆசிரியர்.

அலபாமா மாநிலத்து உறைவிடப் பள்ளியொன்றில் சேரும் மைல்ஸ், பிரசித்தி பெற்றவர்கள் மரணத் தறுவாயில் மொழிந்த கடைசி வார்த்தைகளையெல்லாம் நினைவில் சேகரித்து வைத்திருக்கும் பையன். ‘கர்னல்’ என்ற பட்டப்பெயருடைய அறைத்தோழனின் சிநேகமும், அலாஸ்கா என்ற பெண்ணிடம் பிறக்கும் முதற்காதலும் அவன் தனிமையைப் போக்குகின்றன. முற்பகுதியின் குறும்புகள் சற்றே நீண்டுவிட்டன என்பது என் அபிப்பிராயம். ஆனால் நள்ளிரவில் காரோட்டிச் சென்ற அலாஸ்கா மோதி இறந்தபின், அது விபத்தா, அவளே விரும்பித் தேடிய முடிவா என்று நண்பர்கள் அலைந்து அலைந்து விசாரித்தும் விடை கிட்டாமற் போவதும், அந்நியர்களின் அந்திம மொழிகளையெல்லாம் அறிந்தவனுக்குத் தான் நேசித்தவளின் அந்திம எண்ணம் மட்டும் எட்டாமற் போவதும் எத்தகைய சோகம்! அதற்குச் சமாதானம் கற்பிக்க ஆசிரியர் முயலவில்லை. அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். மதங்களைப் போதிக்கும் முதிய ஆசிரியர் ஹைட், துன்பத்திலிருந்து மீள்வது குறித்து அவள் எழுப்பிய வினாவையே ஆண்டிறுதிக் கட்டுரைக்குப் பொருளாக அளிக்க, மைல்ஸ் எழுதும் விடையோடு நூல் நிறைவுறுகிறது.