திருவாலங்காட்டுச் செப்பேடும் தரவுத்தளமும்

முதலாம் இராசேந்திரன் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவர்க்கு அளித்தமையைக் கூறும் செப்பேடு 31 இதழ்களை உடையது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாந் தொகுதியில் 1920இல் வெளிவந்தது. இத்தகு பாடங்களை இன்று வழங்கிக் கணினி ஒன்றில் வைத்து, ஆய்வாளர் பலரும் தத்தம் கணினிவழித் தேடுமாறு தரவுத்தளம் அமைக்கின்றனர். இதனைப் பொறியியற் பணி மட்டுமே என்பார் உளர். அது பொருந்தாது.

'கொடை' என்பதன் முதலெழுத்து ஒருங்குறியில் இரு குறியீடுகளாலும் அமையும், மூன்றாலும் அமையும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சேமித்த பாடத்தையும் தேடும் சொல்லையும் ஒரே வடிவிற்குக் கொணராவிடின், உள்ள சொல்லையும் வழங்கி இல்லையென்றே விடை தரும்.

வரிசையும் அத்தகையதே. குறியீட்டெண் முறையில் ழகரம் வகரத்திற்கு முன் நிற்றலின், 'பழையனூர்' என்பது 'பவளம்' என்பதனை முந்தும். நம் நெடுங்கணக்கு முறையிலோ பவளமே முற்படும். ஆகவே, தரவுத்தளத்தை நிறுவுங்காலத்தேயே தமிழ் வரிசை விதியைத் தேர்ந்தமைத்தல் வேண்டும்.

தேடலில் அகப்படாமை ஒன்றே கொண்டு, 'இச்சொல் செப்பேட்டில் இல்லை' எனத் துணிவது அமைப்பின் குறையை மூலத்தின்மேல் ஏற்றுவதாகும். பதிப்பாசிரியர் பாடவேறுபாடு காட்டுதல்போல, தரவுத்தளம் நிறுவுவோரும் தாம் கொண்ட வடிவையும் வரிசையையும் முகப்பிலேயே கூறுதல் கடனாம்.