ஓம், கேக்குது

யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வெளிநாட்டு அழைப்பு வந்தால் எடுத்தவுடன் ஊர்ப் புதினம் தொடங்குவதில்லை. "ஹலோ, கேக்குதோ?" என்று ரொறன்ரோவிலிருந்து குரல் வரும். "ஓம், கேக்குது. நான் கதைக்கிறது கேக்குதோ?" என்று அம்மா கேட்பா. "ஓம், கேக்குது" என்று பதில் வந்த பிறகுதான் கலியாணமும் காணிப் பிரச்சினையும்.

இணையத்தில் இரண்டு கணனிகள் டி.சி.பி. நெறிமுறைப்படி கதைக்கத் தொடங்குவதும் அச்சொட்டாக இப்படித்தான். மூன்றே வாக்கியம். இரண்டோடு நிறுத்தினால், அழைத்தவருக்கு இரு பக்கமும் கேட்பது தெரிந்துவிடும். எடுத்தவருக்கோ தன் குரல் போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது. நான்காவது வாக்கியம் வீண். இந்த அளவறிதல் முதல் நயம்.

அடுத்தது எண். நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் பழைய சஞ்சிகை ஒன்றைத் திறக்கிறோம். 3 மெகாபைட் கோப்பு என்றால் அது ஏறத்தாழ 2,000 பொதிகளாக நறுக்கப்பட்டு வருகிறது. முன்னே புறப்பட்டது பின்னே வரலாம். ஆனாலும் குழப்பமில்லை, கயிறு அறுந்து சிதறிய சுவடியை ஏட்டெண் பார்த்து அடுக்குவது போல அடுக்கிக்கொள்ளலாம். சுவடியில் ஏட்டுக்குத்தான் எண். இங்கே ஒவ்வொரு பைட்டுக்கும் எண் உண்டு.

"யாழ்ப்பாணம்" என்ற சொல்லையே அனுப்பிப் பார்ப்போம். கண்ணுக்கு ஆறு எழுத்து. புள்ளியும் காலும் தனிக் குறிகள் ஆதலால் யூனிகோடில் 11 குறி. ஒரு குறிக்கு மூன்று பைட்டாக, கம்பியில் 33 பைட். எண்ணிக்கையை 1 இல் தொடங்கினால், பெற்ற கணனி என்ன பதில் சொல்லும்? "33 வரை கிடைத்தது" என்றல்ல; "34" என்று. இனி வரவேண்டியது 34 ஆவது. கிடைத்ததற்கான பற்றுச்சீட்டும் அடுத்ததற்கான கேள்வியும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட்டன. அந்தப் பதிலே வழியில் தொலைந்தாலும் பாதகமில்லை. அடுத்த 33 பைட்டும் போய்ச் சேர்ந்த பிறகு வரும் "67" என்ற பதில் முன்னைய 33க்கும் சேர்த்தே சாட்சி சொல்லும்.

நடுவழியில் நிற்கும் ரூட்டர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை. வந்ததை அடுத்த கைக்கு மாற்றுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. நெரிசல் கூடினால் பொதியைச் சத்தமின்றிக் கைவிட்டும் விடும். அதனால் பொறுப்பு முழுவதும் இரு முனைகளில் இருக்கிறது. அனுப்பிய கணனி, அனுப்பியதோடு கையைக் கழுவுவதில்லை. "கிடைத்தது" என்ற பதில் வரும்வரை தன் பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கிறது. குறித்த நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் மறுபடி அனுப்புகிறது. எல்லா நயத்திலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிக்கப்பட்டது. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அதில் போயின. மறுபடி அனுப்ப எவரிடமும் எதுவும் இல்லை. அதே ஆண்டு செப்டெம்பரில்தான் கணனி விஞ்ஞானி ஜொன் போஸ்டல் தொகுத்த, பொதிகளைக் கைமாற்றும் ஐ.பி., டி.சி.பி. ஆகியவற்றின் வரையறைகள் அமெரிக்காவில் வெளியாயின. தொலைவது இயல்பு, பிரதியை வைத்திரு என்பது அவற்றின் அடிப்படை. எரிந்த ஊரின் எழுத்துக்களைத் தேடித் தொகுக்க 2005 இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத் திட்டம் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது அந்த வழியால்தான்.

உங்கள் அலுமாரியில் பழைய பாடசாலை மலரோ கோயில் மலரோ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஒரு நகலை நூலகத் திட்டத்துக்கு அனுப்புங்கள். "கிடைத்தது" என்று பதில் வரும்வரையாவது உங்கள் பிரதியைக் கைவிடாதீர்கள்.