பறவை மனிதருக்கு யார் பதில் சொன்னார்கள்? – ‘2.0’ திரைப்படம் குறித்து ஒரு மதிப்பீடு

முதல் பாகம் ஓடிவிட்டால் இரண்டாம் பாகம் எடுப்பது திரையுலக வழக்கம். பழைய நாயகனை அழைத்து வருவது எளிது. அவன் மனசையும் சேர்த்துக் கொண்டு வருவதுதான் கடினம். ஷங்கர் இயக்கத்தில் 2010-இல் வந்த ‘எந்திர’னையும், 2018 நவம்பர் 29-இல் வெளியான ‘2.0’-வையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

‘எந்திர’னில் சிட்டி ஒரு குழந்தை மாதிரி. ஆசைப்படுகிறது, கோபப்படுகிறது, கடைசியில் தன்னைத் தானே கழற்றிப் போடுகிறது. அந்தக் காட்சியில் கண் கலங்காதவர் குறைவு. சுஜாதாவின் கைவண்ணம் என்றே சொல்லலாம். ‘2.0’-வில் அதே சிட்டி வெறும் சண்டைக் கருவி. கூட வரும் நிலா என்னும் பெண் ரோபோவுக்கும் பெரிதாக வேலையில்லை.

சும்மா சொல்லக் கூடாது, படத்தின் உயிர் வில்லனிடம் இருக்கிறது. பட்சிராஜன் என்னும் பறவையியல் பேராசிரியராக அக்‌ஷய் குமார். சாலிம் அலியை மனதில் வைத்துச் செய்த பாத்திரம் என்பது தோற்றத்திலேயே தெரியும். சாலிம் அலி நமக்கு அந்நியரல்லர். 1933-இல் திருவிதாங்கூர் மலைகளில் பறவைக் கணக்கெடுத்தவர். நம்ம தேக்கடியிலிருந்து இறங்கும் பெரியாறு கோதமங்கலம் பக்கம் தொடும் தட்டேக்காட்டுச் சரணாலயம் அவர் பெயரில்தான் இருக்கிறது. பட்சிராஜன் ஒவ்வொரு கதவாகத் தட்டி, யாரும் காது கொடுக்காமல், செல்போன் கோபுரத்திலேயே தூக்கில் தொங்கும் பகுதி இருபது நிமிடமோ என்னமோ, அதுதான் முழுப் படம்.

ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள்? கடைசிச் சண்டையில் குட்டி ரோபோக்கள் புறாக்கள் மேல் ஏறி வந்து, பறவைகளைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுகின்றன. அவர் தளர்ந்து போகிறார். அதாவது, வில்லனின் இரக்கத்தைப் பிடித்துக்கொண்டு நாயகன் ஜெயிக்கிறான்! பறவைகளுக்காக எடுத்த படத்தில் பறவைகளே பிணைக்கைதிகள். அதற்குப் பிறகு வசீகரன் வந்து பட்சிராஜன் சொன்னதிலும் நியாயம் உண்டு என்று பேசுவது, அடித்துப் போட்டுவிட்டு அனுதாபம் சொல்வது போலத்தான். நம்ம பிள்ளைகள் தமிழ்க் குரலில் பார்த்த ‘ஸ்பைடர்மேன் 2’ (2004) படத்திலும் வில்லன் ஒரு விஞ்ஞானிதான். அங்கே நாயகன் பேசி அவர் மனசாட்சியை எழுப்புகிறான். தன் இயந்திரத்தைத் தானே மூழ்கடித்து அவரும் மடிகிறார். தோற்கும் வில்லனுக்கும் அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

அறிவியல் பக்கமும் இடறுகிறது. கோபுரக் கதிர்வீச்சால்தான் சிட்டுக்குருவி அழிகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, பெருநகரங்களில் குருவி குறைந்தாலும் நாடு முழுக்க எடுத்தால் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது. அதே அறிக்கை, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் 2000-க்குப் பின் வெகுவாகக் குறைந்ததாகவும் சொன்னது. இது நம்ம வாசலில் நடப்பது. காடு குறுகுவதும் மருந்தடிப்பதும் படத்தின் மையத்துக்கு வரவேயில்லை. சொல்லப்போனால் செல்போன் ஒன்றையே எதிரியாக்கினால் கதைக்கு வசதி.

அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் கேரளமே வெள்ளத்தில் மூழ்கியது. வீட்டு மாடியில் சிக்கியவர்கள் இருக்கும் இடத்தைச் செல்போனில் அனுப்பித்தான் பலர் மீட்கப்பட்டார்கள். ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறிப் போய்க் கம்பத்திலிருக்கும் அம்மாவிடம் பேசுகிறார். மூன்றே மாதத்தில் வந்த படம், போன் வைத்திருப்பவர் எல்லாரும் கொலையாளி என்று பட்சிராஜன் வாயால் சொல்லும்போது, மலைமேல் இருக்கிற நம்மால் எப்படித் தலையாட்ட முடியும்? அதற்கு எதிர்வாதம் வைக்கும் பாத்திரம் ஒன்று வலுவாக இருந்திருந்தால் படம் எங்கேயோ போயிருக்கும்.

முப்பரிமாணக் காட்சிகளும், செல்போன்கள் திரண்டு ராட்சசக் கழுகாக எழுவதும், ரசூல் பூக்குட்டியின் ஒலியும் தியேட்டரில் பார்க்க வேண்டியவை. டி.வி.யில் பார்த்தால் பாதி போய்விடும். ரகுமான் இசையில் ‘புள்ளினங்காள்’ பாட்டு மட்டும் டி.வி.யிலும் குறையவில்லை, நா. முத்துக்குமார் 2016-இல் மறைவதற்கு முன் எழுதி வைத்துவிட்டுப் போனது.